இருட்டில் படமெடுக்க ஃபுல் ஃப்ரேம் அவசியமா? வாசகர் கேள்வியும் பதிலும்

குறைந்த வெளிச்சத்தில் எடுக்கும் படங்களைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, சிறிய கிராப் சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) கொண்ட கேமராவையே வைத்துக்கொள்வதா, பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேமுக்கு மாறுவதா என்ற ஒரே இடத்தில் வந்து நின்றன. அவற்றுள் தேவை வெவ்வேறாக இருந்த சில கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதப்படுகிறது.

கேள்வி: எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தைப் படமெடுத்து வருகிறேன். கையில் இருப்பது நிக்கான் டி3500 கேமராவும் அதனுடன் வந்த 18-55 கிட் லென்ஸும். ஜூமை 55-இல் வைத்து, எஃப் 5.6 (லென்ஸ் துளை), ஷட்டர் 1/60 நொடி, ஐஎஸ்ஓ (ஒளியுணர் அளவு) 6400 என்று எடுத்தால் ஆடுபவரின் கையும் காலும் கலங்கிவிடுகின்றன; முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கிரெயின்ஸ். "கிராப் கேமராவை வைத்துக்கொண்டு ராத்திரியில் ஒன்றும் செய்ய முடியாது, விற்றுவிட்டு ஃபுல் ஃப்ரேம் வாங்கு" என்கிறார் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்? (விழுப்புரம் வாசகர்)

பதில்: விற்க வேண்டாம். முதலில் லென்ஸை வாங்குங்கள். அதன் பிறகும் போதவில்லை என்றால் பாடியைப் (லென்ஸ் நீங்கலான கேமராவை) பற்றி யோசிக்கலாம். உங்கள் நண்பர் சொல்வது பொய்யில்லை, ஆனால் செலவின் வரிசை தலைகீழாக இருக்கிறது.

ஃபுல் ஃப்ரேம் சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு ஃப்ரேம் அளவு உள்ளது. அகலம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ. உங்கள் கேமராவில் உள்ள கிராப் சென்சாரின் அகலம் 23.5 மி.மீ., உயரம் 15.6 மி.மீ. பரப்பளவைக் கணக்கிட்டால் முன்னது 864 சதுர மி.மீ., பின்னது ஏறக்குறைய 367 சதுர மி.மீ. ஒரே காட்சியை ஒரே அபர்ச்சரிலும் (லென்ஸ் துளை அளவிலும்) ஒரே ஷட்டர் வேகத்திலும் எடுக்கும்போது, சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் வெளிச்சம் இரண்டிலும் ஒன்றுதான்; பரப்பு பெரிது என்பதால் ஃபுல் ஃப்ரேமில் சேரும் மொத்த வெளிச்சம் 2.36 மடங்காகிறது. வெளிச்சம் இரு மடங்கானால் அதை ஒரு ஸ்டாப் என்கிறோம். அந்தக் கணக்கில் இது ஒன்றேகால் ஸ்டாப். கேனானின் கிராப் சென்சார் இன்னும் சற்றுச் சிறியது (22.3 × 14.9 மி.மீ.) என்பதால் அங்கே வித்தியாசம் 2.6 மடங்கு.

மொத்த வெளிச்சத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், நீங்கள் காணும் கிரெயின்ஸின் பெரும்பகுதி கேமராவின் குறையால் வருவதன்று. அது ஒளியின் இயல்பு. ஒளி துகள் துகளாக வந்து விழுகிறது, அந்த வரவு ஒருபோதும் சீராக இருப்பதில்லை. படத்தின் ஓர் இடத்தில் சராசரியாக 10,000 துகள்கள் விழுமானால் அதில் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 100 அளவுக்கு இருக்கும், அதாவது நூற்றில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. அதே இடத்தில் 100 துகள்களே விழுந்தால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்தில் ஒரு பங்கு. கூத்தாடுபவரின் கன்னத்தில் பூசிய அரிதாரம் புள்ளி புள்ளியாக உடைந்து தெரிவது இதனால்தான். ஆகவே மருந்து ஒன்றுதான்: எந்த வழியிலாவது கூடுதல் ஒளியைச் சென்சாருக்குள் கொண்டுவர வேண்டும். சென்சாரைப் பெரிதாக்குவது அதற்கு ஒரு வழி. லென்ஸின் துளையைப் பெரிதாக்குவது மற்றொரு வழி.

எஃப் எண் சிறிதானால் துளை பெரிது. உங்கள் கிட் லென்ஸ் 55-இல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. அதே இடத்தில் எஃப் 1.8 வரை திறக்கும், ஜூம் இல்லாத 50 மி.மீ. பிரைம் லென்ஸைப் பொருத்தினால், 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வருவதை அதே எண்ணால் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 9.7 மடங்கு வெளிச்சம் கிடைக்கிறது. ஃபுல் ஃப்ரேம் தருவது 2.36 மடங்கு, இது கிட்டத்தட்ட பத்து மடங்கு. உங்கள் கூத்து மேடைக்கே கணக்குப் போடுவோம். ஷட்டரை 1/60-இலிருந்து 1/250-க்கு உயர்த்தினால் வெளிச்சத்தில் நான்கில் ஒரு பங்குதான் எஞ்சும். அதை ஈடுகட்டிய பிறகும் மிச்சம் இருப்பதால் ஐஎஸ்ஓவை 6400-இலிருந்து 2800 அளவுக்கு இறக்கிவிடலாம். கை கலங்குவதும் குறைகிறது, கிரெயின்ஸும் குறைகிறது. பாடி அதே பாடிதான்.

இதற்கு மாறாக, உங்கள் கேமராவை விற்றுக் கையிலிருக்கும் பணத்தையும் சேர்த்துத் தொடக்க நிலை ஃபுல் ஃப்ரேம் ஒன்றை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் பணம் அதிலேயே தீர்ந்து, அதனுடன் வரும் சிறிய ஜூமோடு நின்றுவிடுவீர்கள். கேனானின் 24-105 எஃப் 4-7.1, நிக்கானின் 24-50 எஃப் 4-6.3 போன்றவை அத்தகைய லென்ஸ்கள். எஃப் 5.6 இருந்த இடத்தில் எஃப் 7.1 வந்தால், சென்சாரால் கிடைத்த ஒன்றேகால் ஸ்டாப்பில் பாதிக்கு மேல் லென்ஸே தின்றுவிடும். பகலில் இவை நல்ல லென்ஸ்கள்தாம். நள்ளிரவுக் கூத்துக்கு இவற்றை நம்பிப் பணம் போடுவது எனக்கு உடன்பாடில்லை.

லென்ஸ் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டி3500 பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. எனவே 50 மி.மீ. எஃப் 1.8-இல் 'டி' என்று முடியும் பழைய லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் அது தானாக ஃபோகஸ் செய்யாது, இருட்டில் கையால் திருகிக்கொண்டிருக்க நேரும். பெயரில் 'ஏஎஃப்-எஸ்' என்றும் முடிவில் 'ஜி' என்றும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். களத்துக்கு மிக அருகில் உட்கார இடம் கிடைக்கும் என்றால் 35 மி.மீ. எஃப் 1.8 ஜி இன்னும் பொருத்தம்; முழு உருவமும் அடங்கும்.

கூத்திலேயே வேகம் குறைகிற இடங்கள் உண்டு. பாத்திரம் திரைக்குப் பின்னால் நின்று பாடி அறிமுகமாகும்போது கிரீடமும் முகமும் திரைக்கு மேலே ஏறக்குறைய அசையாமல் தெரியும். அப்போது 1/60 கூடப் போதும், ஐஎஸ்ஓவைத் தாராளமாக இறக்கலாம். திரை விலகிச் சுழன்றாடத் தொடங்கியதும் 1/250 என்பது குறைந்தபட்சம்; கால் வேகத்தையும் நிறுத்திக் காட்ட வேண்டுமானால் 1/500. கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள் விளக்கு வெளிச்சத்தைத் திருப்பியடித்து, கேமராவின் ஒளி அளக்கும் மீட்டரை ஏமாற்றும். தானியங்கி அளவை நம்பினால் முகம் கறுத்துவிடும். முதல் அரை மணி நேரத்தில் முகத்தை மட்டும் அளந்து, மேனுவலில் பூட்டிவிடுவது நல்லது. மேடை விளக்கு இரவு முழுவதும் மாறப்போவதில்லை.

பிரைம் லென்ஸை வாங்கி ஒரு திருவிழாக் காலம் முழுவதும் எடுத்த பிறகும், உங்கள் நல்ல படங்களெல்லாம் ஐஎஸ்ஓ 6400-க்கு மேலேயே நிற்கின்றன, பெரிய பிரிண்ட் போட முடியவில்லை என்ற நிலை வந்தால், அப்போது ஃபுல் ஃப்ரேமுக்கு மாறுவதில் அர்த்தம் உண்டு. அப்போதும் 85 மி.மீ. எஃப் 1.8 போன்ற ஒரு லென்ஸுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். அந்தச் சேர்க்கையில் ஐஎஸ்ஓ 6400-இல் எடுக்கும் படம், இப்போதைய கேமராவில் 2800 அளவில் எடுத்தது போல் சுத்தமாக இருக்கும்.

கேள்வி: ஐஎஸ்ஓ 800-ஐத் தாண்டக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அதன்படி எடுத்துவிட்டுக் கணினியில் வெளிச்சம் கூட்டினால் படம் இன்னும் மோசமாகிறது. கேமரா கிராப் என்பதால்தானா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: இல்லை. ஃபுல் ஃப்ரேமிலும் இப்படிச் செய்தால் இதே விளைவுதான்.

கிரெயின்ஸை உண்டாக்குவது ஐஎஸ்ஓ எண் அன்று. சென்சாரில் விழுந்த ஒளி குறைவாக இருப்பது. எண்ணை 800-இல் கட்டிவைத்ததால் ஒளி கூடுதலாக விழவில்லை. படம் இருண்டு பதிவானது, அவ்வளவுதான். அதைப் பின்னால் தூக்கும்போது நிழலில் ஒளிந்திருந்த புள்ளிகளும் சேர்ந்து எழுகின்றன. சில பழைய கேமராக்களில், குறிப்பாக 2008-இல் வந்த கேனான் 5டி மார்க் 2 காலத்துப் பாடிகளில், இப்படித் தூக்கினால் நிழல் பகுதியில் கோடு கோடாகவும் தெரியும். அவற்றில் படமெடுக்கும்போதே சரியான ஐஎஸ்ஓவை வைத்துக்கொள்வதுதான் நல்லது. புதிய சென்சார்கள் பலவற்றில் இரண்டு வழிக்கும் வித்தியாசம் குறைவு. ஆனாலும் இருட்டாக எடுப்பதால் லாபம் எதுவும் இல்லை.

நடைமுறை வரிசை இதுதான்: பொருளின் அசைவுக்கு ஏற்ற ஷட்டர் வேகத்தை முதலில் முடிவு செய்யுங்கள், ஃபோகஸ் ஆழத்துக்கு ஏற்ப அபர்ச்சரை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறங்கள், மீதிக்கு ஐஎஸ்ஓ தானாக ஏறட்டும். கோப்பு ரா வடிவில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் வடிவம்) இருக்கட்டும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கிரெயின்ஸைக் களையும் மென்பொருள்கள், 2020-இல் வந்த டிஎக்ஸ்ஓவின் டீப்பிரைம் ஆனாலும் 2023 ஏப்ரலில் லைட்ரூமில் சேர்ந்த டீநாய்ஸ் ஆனாலும், ராவில்தான் தங்கள் முழுத் திறமையைக் காட்டுகின்றன. மங்கலாகப் பதிந்த கையை அவை சரிசெய்து தரமாட்டா. கிரெயின்ஸோடு கூர்மையாக இருக்கும் முகத்தை மீட்டுத் தரும். எனவே ஐஎஸ்ஓவைக் கண்டு அஞ்சி ஷட்டரைக் குறைப்பதுதான் செய்யக் கூடாத சிக்கனம்.

கேள்வி: நான் திருமணப் புகைப்படக் கலைஞன். கிராப் பாடியும் 17-55 எஃப் 2.8 லென்ஸும் வைத்திருக்கிறேன். அதிகாலை முகூர்த்தங்களில், மண்டபத்தின் எல்இடி வெளிச்சத்தில், படங்கள் திருப்தியாக இல்லை. ஃபுல் ஃப்ரேமுக்கு மாறினால் எல்லாம் சரியாகுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: உங்களுக்கு மாறச் சொல்வேன். ஆனால் 'எல்லாம்' சரியாகாது. எவை சரியாகும், எவை ஆகா என்று தெரிந்துகொண்டு மாறுங்கள்.

கிராப் லென்ஸின் எண்களை ஒன்றரையால் பெருக்கிப் பார்த்தால், உங்கள் 17-55 எஃப் 2.8, ஃபுல் ஃப்ரேமில் ஏறக்குறைய 26-83 எஃப் 4.2 செய்யும் வேலையைச் செய்கிறது. காட்சிக் கோணம், ஃபோகஸ் ஆழம், சேரும் மொத்த ஒளி மூன்றுக்கும் இந்த ஒப்பீடு பொருந்தும். ஃபுல் ஃப்ரேமில் 24-70 எஃப் 2.8 பொருத்தினால் இதைவிட ஒன்றேகால் ஸ்டாப் லாபம் நேராகக் கையில் வந்து சேரும். மாங்கல்யதாரண நேரத்தில் நீங்கள் இடம் மாறவும் முடியாது, லென்ஸ் மாற்றவும் முடியாது. அட்சதை பறக்கிறது, ஓமப் புகை நடுவில் நிற்கிறது, அந்தச் சில நொடிகளுக்கு ஒரே ஜூம்தான் துணை. ஜூமை விட்டு பிரைமுக்குப் போ என்று கூத்துப் படமெடுப்பவருக்குச் சொல்வதை உங்களுக்குச் சொல்ல முடியாதது இதனால்தான்.

கிராப்பிலேயே இருந்துகொண்டு அந்த இடைவெளியை அடைக்கும் ஜூம்கள் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். சிக்மா 2013-இல் வெளியிட்ட 18-35 எஃப் 1.8, ஃபுல் ஃப்ரேமில் 27-53 எஃப் 2.7-க்குச் சமம், 2025-இல், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்காக அதே நிறுவனம் 17-40 எஃப் 1.8 ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. அதன் 50-100 எஃப் 1.8 லென்ஸ் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. ஃபுல் ஃப்ரேம்காரர் தூக்கித் திரியும் 70-200 எஃப் 2.8-க்கு எடையில் சளைத்ததன்று. ஒளியைச் சேர்க்கக் கண்ணாடி பெரிதாகத்தான் வேண்டும் என்பதால், கிராப்பின் சிறிய உடல், குறைந்த எடை என்ற வசதி இந்த மட்டத்துக்கு வந்ததும் கரைந்துவிடுகிறது.

இனி, சரியாகாதவை. முதலாவது, குழுப்படம். மணமக்களைச் சுற்றி இரண்டு வரிசையாக உறவினர்கள் நிற்கும்போது முன் வரிசை, பின் வரிசை இரண்டும் ஃபோகஸில் இருக்க வேண்டும். கிராப்பில் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 வைத்து எடுத்த படத்தின் அதே ஆழம் ஃபுல் ஃப்ரேமில் வேண்டுமானால், அங்கே அபர்ச்சரை எஃப் 4.2 அளவுக்கு மூட வேண்டும். அதே ஷட்டர் வேகத்துக்கு ஐஎஸ்ஓ 3600-க்கு ஏறும். முடிவில் இரண்டு படங்களிலும் கிரெயின்ஸ் ஒரே அளவுதான். ஃபுல் ஃப்ரேமின் லாபம் ஆழத்தைக் குறைத்துக்கொள்ள நீங்கள் சம்மதிக்கும்போது மட்டுமே கிடைக்கிறது. இந்த ஒரு செய்தியை விளம்பரங்கள் சொல்வதே இல்லை. குழுப்படத்துக்கு வெள்ளைக் கூரையில் திருப்பிவிட்ட ஒரு ஃபிளாஷ், எந்தப் பாடி மாற்றத்தையும்விட அதிகப் பலன் தரும்.

இரண்டாவது, மின்விளக்குத் துடிப்பு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகளும் டியூப் லைட்டுகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/250-இல் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வருவதும், படத்தின் ஒரு பாதி மஞ்சளடித்து நிற்பதும் இதனால். சென்சார் பெரிதானால் இது போகாது. அசைவு அனுமதிக்கும் இடங்களில் 1/100 வையுங்கள். மற்ற நேரங்களில் துடிப்பைக் கண்டறிந்து உச்ச வெளிச்சத்தில் ஷட்டரைத் திறக்கும் வசதி உள்ள பாடியைப் பயன்படுத்துங்கள். கேனான் அதை 2014-இல் 7டி மார்க் 2 என்ற கிராப் பாடியில்தான் கொண்டுவந்தது. எலெக்ட்ரானிக் ஷட்டரை மண்டபத்துக்குள் அணைத்துவிடுங்கள். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை வைத்திருந்தால் கோடுகள் கட்டாயம் விழும்.

மூன்றாவது ஒன்று, சென்சார் அளவோடு தொடர்பில்லாமல் புதிய பாடியால் கிடைக்கும் நன்மை: இருட்டில் ஃபோகஸ் பிடிக்கும் திறன். டி3500 மைனஸ் 1 இவி (வெளிச்ச அளவு; எண் இறங்க இறங்க இருட்டு கூடும்) வரை ஃபோகஸ் பிடிக்கும் என்று நிறுவனம் கூறுகிறது. 2020-இல் வந்த கேனான் ஆர்6, எஃப் 1.2 லென்ஸோடு மைனஸ் 6.5 இவி வரை என்கிறது. லென்ஸ் நிபந்தனை வேறு என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது என்றாலும், கண்ணாடி உள்ள தொடக்க நிலை டிஎஸ்எல்ஆரிலிருந்து இன்றைய மிரர்லெஸ்ஸுக்கு மாறுபவர்கள் "ஃபுல் ஃப்ரேம் அற்புதம்" என்று சொல்வதில் ஒரு பகுதி உண்மையில் இந்த ஃபோகஸுக்கான பாராட்டு என்பது என் எண்ணம். கார்டு போடும் இடம் இரண்டு உள்ள பாடியாகவும் பாருங்கள். முகூர்த்தத்தைத் திரும்ப நடத்தச் சொல்ல முடியாது.

கேள்வி: மெகாபிக்சல் குறைவான கேமராதான் இருட்டில் நன்றாக எடுக்கும் என்பது உண்மையா? (கோவை வாசகர்)

பதில்: பாதி உண்மை. 12 மெகாபிக்சல் கொண்ட சோனி ஏ7எஸ் வரிசை இந்த எண்ணத்தைப் பரப்பியது. ஒவ்வொரு பிக்சலும் பெரிது என்பதால் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அதில் படம் சுத்தமாகத் தெரியும். ஆனால் 61 மெகாபிக்சல் ஏ7ஆர் 4-இல் எடுத்த படத்தையும் அதே அளவு பிரிண்டாகப் போட்டால், சிறு பிக்சல்கள் பல சேர்ந்து ஒன்றாகிவிடுவதால் வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. மிக உயர்ந்த ஐஎஸ்ஓக்களிலும் வீடியோவிலும் மட்டும் ஏ7எஸ்ஸுக்கு மேல்கை உண்டு. நீங்கள் எடுப்பது நிழற்படம் என்றால் பிக்சல் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: வேடந்தாங்கலில் மாலை மங்கும் நேரத்தில் பறவைகளை எடுக்கிறேன். நிக்கான் டி500 கிராப் பாடி, 200-500 எஃப் 5.6 லென்ஸ். பழைய டி750 ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. ஃபுல் ஃப்ரேம் ஆயிற்றே, கிரெயின்ஸ் குறையுமல்லவா? (செங்கல்பட்டு வாசகர்)

பதில்: நீங்கள் எடுக்கும் வகைப் படங்களுக்குக் குறையாது. ஏரிக் கரையில் நின்றுகொண்டு, நீருக்குள் நிற்கும் மரங்களில் உள்ள கூடுகளை எடுக்கிறீர்கள். முன்னால் நகர வழியில்லை. 500-இல் ஒரு நத்தைக்குத்தி நாரையின் உருவம் சென்சாரின் மேல் எத்தனை மில்லிமீட்டர் விழுகிறதோ, அது டி500 ஆனாலும் டி750 ஆனாலும் ஒன்றுதான். அந்த உருவத்தில் விழும் ஒளியும் ஒன்றுதான். டி750-இல் அதைச் சுற்றி வானமும் கிளையும் கூடுதலாக வரும், அவற்றை நீங்கள் வெட்டி எறிவீர்கள். வெட்டிய பிறகு 24 மெகாபிக்சலில் 10 அளவுதான் மிஞ்சும். டி500 உங்களுக்கு 20.9 தருகிறது. வெட்டியும் 19 மெகாபிக்சல் மிஞ்ச வேண்டுமானால் டி850 போல 45 மெகாபிக்சல் உள்ள ஃபுல் ஃப்ரேம் வேண்டும், அப்போதும் பறவையின் மேல் கிரெயின்ஸ் ஏறக்குறைய அதே அளவுதான்.

விதிவிலக்கு ஒன்று: கூழைக்கடாக்களும் வர்ண நாரைகளும் கூட்டமாகத் திரும்பும்போது ஏரி, வானம், மரங்கள் எல்லாம் சேர்ந்த அகலமான காட்சியை எடுப்பீர்களானால் அங்கே ஃபுல் ஃப்ரேம் முழு லாபம் தரும். அதற்காக மட்டும் டி750 வாங்குவதென்றால் தடையில்லை. தனிப் பறவைக்கு அந்தப் பணத்தை எஃப் 4 டெலி லென்ஸ் ஒன்றுக்காகச் சேர்த்து வையுங்கள். ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்தாலே வித்தியாசம் புரிந்துவிடும்.

கேள்வி: கொடைக்கானல் பக்கம் பால்வீதியைப் படமெடுக்க ஆசை. என்னிடம் உள்ள சோனி கிராப் கேமராவில் முடியுமா, ஃபுல் ஃப்ரேமும் 24-70 எஃப் 2.8-ம்தான் வேண்டுமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: தாராளமாக முடியும், சரியான லென்ஸ் இருந்தால் நீங்கள் சொல்லும் அந்த விலையுயர்ந்த சேர்க்கையை முந்தவும் முடியும். விண்மீன்களின் ஒளியைப் பிடிப்பதில் முடிவு செய்வது, லென்ஸின் முன்பக்கத்தில் ஒளி நுழையும் துளையின் விட்டம். லென்ஸின் மி.மீ. எண்ணான குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அது கிடைக்கும். ஃபுல் ஃப்ரேமில் 24 மி.மீ., எஃப் 2.8 என்றால் துளை 8.6 மி.மீ. உங்கள் கிராப்பில் அதே கோணத்தைத் தரும் 16 மி.மீ. லென்ஸ் எஃப் 1.4-இல் 11.4 மி.மீ. திறக்கிறது. பரப்பளவில் ஏறக்குறைய 1.8 மடங்கு. சிக்மாவின் 16 மி.மீ. எஃப் 1.4 சோனி கிராப்புக்கே செய்யப்பட்டது. விலையிலும் அந்த ஜூமுக்குக் கிட்டே வராது. எஃப் 1.4-இல் மூலைகளில் விண்மீன்கள் சற்றுச் சிறகு விரிக்கும். எஃப் 2 வைத்தால் அடங்கும், அப்போது துளை 8 மி.மீ. ஆகி இரண்டும் ஏறத்தாழச் சமமாகிவிடும்.

ஷட்டர் நேரத்துக்கு 500-ஐக் குவியத் தூரத்தால் வகுக்கும் பழைய விதியைப் பலரும் கிராப்பில் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். 16-ஆல் வகுத்து 31 நொடி வைக்கக் கூடாது. அதற்குச் சமமான 24-ஆல் வகுத்து 20 நொடிக்குள் முடிக்க வேண்டும். அப்போதும் விண்மீன்கள் கோடாக நீள்வது கண்ணுக்குப் பட்டால் 15 அல்லது 10 நொடிக்கு இறக்கி, பல படங்களாக எடுத்துக் கணினியில் ஒன்றுசேர்க்கலாம். விண்மீன்கள் ஆடுவதில்லை, பாடுவதில்லை என்பதால் இந்தச் சலுகை நமக்குக் கிடைக்கிறது. கூத்தாடுபவரிடம் இதைக் கேட்க முடியாது.

அமாவாசையை ஒட்டிய நாள்களைத் தேர்ந்தெடுங்கள். மார்ச் மாதத்தில் பால்வீதியின் மையம் பின்னிரவில்தான் எழும், மே மாதத்தில் இரவு பத்து மணி வாக்கிலேயே எழத் தொடங்கும். பருவமழை மேகங்கள் வருமுன் எடுத்துவிடுவது நல்லது. கொடைக்கானல் அட்சரேகையில் அது தெற்கே 50 பாகை உயரம் வரை ஏறுகிறது. லண்டனில் இருப்பவருக்கு 10 பாகை கூட ஏறாது, அடிவானத்து மங்கலோடு போராடிக்கொண்டிருப்பார். இந்த வகையில் நமக்கு வானம் வாய்த்திருக்கிறது. நகர விளக்குகளை விட்டுத் தள்ளிப் போவதற்கான பெட்ரோல் செலவு ஃபுல் ஃப்ரேமைவிடக் குறைவு.

கேள்வி: ஒரே பட்ஜெட்டில் பழைய கேனான் 6டி ஃபுல் ஃப்ரேம், புதிய கிராப் மிரர்லெஸ் இரண்டும் கிடைக்கின்றன. மேடைக் கச்சேரிகளும் வீட்டு விசேஷங்களும் எடுக்க எது? (மதுரை வாசகர்)

பதில்: கச்சேரிதான் முக்கியம் என்றால் 6டி. 2012-இல் வந்தது, 20.2 மெகாபிக்சல், வயதானாலும் உயர்ந்த ஐஎஸ்ஓவில் இன்றும் கௌரவமாக நிற்கும் சென்சார். ஃபோகஸ் புள்ளிகள் மொத்தம் 11தான், ஆனால் நடுப்புள்ளி மைனஸ் 3 இவி வரை பிடிக்கும். பாடகர் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கும் மேடைக்கு நடுப்புள்ளி போதும். சத்தமில்லாத ஷட்டர் முறை ஒன்று அதில் உண்டு. ஆலாபனை நேரத்தில் முன் வரிசையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்காமல் இருக்க அதைப் பயன்படுத்துங்கள். குழந்தைகள் ஓடியாடும் வீட்டு விசேஷம்தான் அதிகம் என்றால் கண்ணைத் தேடிப் பிடிக்கும் புதிய மிரர்லெஸ்ஸை எடுங்கள். ஒன்றேகால் ஸ்டாப் சுத்தமாக இருந்தும் ஃபோகஸ் தவறிய படத்தை ஆல்பத்தில் ஒட்ட முடியாது. உள்ளேயே நடுக்கம் தாங்கும் வசதி உள்ள கிராப் பாடிகளும் (சோனி ஏ6700, கேனான் ஆர்7) இருக்கின்றன; குத்துவிளக்கு, கோலம், அலங்காரம் போன்ற அசையாப் பொருள்களை ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க அது கைகொடுக்கும். ஆடும் குழந்தைக்கு அந்த வசதியால் ஒரு பயனும் இல்லை.

6டி என்று முடிவு செய்தால் ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள். அந்தப் பாடியின் ஷட்டர் ஒரு லட்சம் படங்கள் வரை சோதிக்கப்பட்டது. கேனானில் இந்த எண் நிக்கானைப் போலப் படக் கோப்பிலேயே பதிவாவதில்லை, தனி மென்பொருளால்தான் பார்க்க முடியும். விற்பவர் வாயால் சொல்வதை மட்டும் வைத்து விலை பேசாதீர்கள். கடையிலேயே லென்ஸை மூடிவைத்து ஐஎஸ்ஓ 6400-இல் சில நொடி ஷட்டரோடு ஒரு படம் எடுத்து, அதை முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பும் நீலமுமாக ஒன்றிரண்டு புள்ளிகள் பழைய பாடியில் இருக்கத்தான் செய்யும், அவற்றை மென்பொருளில் அழித்துவிடலாம். பட்டையாகவோ ஒரு மூலையில் மட்டும் ஊதா நிறமாகவோ தெரிந்தால் அந்தப் பாடியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.